பிக்கப் வண்டிக்குப் பின்னால் ஏர் பலூன் மாட்டுவது: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கம் ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்றாலே தெரியும், லோடு ஏற்றிய பிக்கப்புகள் பின்பக்கம் உட்கார்ந்துகொண்டு மூக்கைத் தூக்கியபடி போகும். கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) தட்டையாகி, சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) உள்ள ரப்பர் ஸ்டாப்பர் ஒவ்வொரு பள்ளத்திலும் பின் ஆக்ஸிலில் (அச்சில்) இடிக்கும். முன் சக்கரத்தில் பாரம் குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும், ராத்திரியில் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கும். இதற்கு நம் பக்கம் வழக்கமாகச் செய்வது கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பது. லோடு இருக்கும்போது அது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது வண்டி குதிக்கிற குதியில் இடுப்பு கழன்றுவிடும். ஏர் பலூனில் இந்தத் தொல்லை இல்லை, லோடு ஏறினால் காற்றை ஏற்றலாம், இறங்கினால் இறக்கலாம். பஸ் பட்டறைக்காரர்கள் பெல்லோ என்பதும் பலூன் என்பதும் இதே சாமான்தான். நம் வண்டிக்கு வருவது அதன் சின்ன வடிவம், சேஸிஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாக உட்காரும். பட்டை அதன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், பலூன் அதற்குத் தோள் கொடுக்கும், அவ்வளவுதான்.

கிட் வாங்குவதற்கு முன்னால் ஒன்றை மனதில் ஆழமாகப் போட்டுக்கொள்ளுங்கள். பலூன் வண்டியின் உயரத்தைத்தான் தூக்கும், வண்டியின் பலத்தைக் கூட்டாது. 1.3 டன் வண்டி பலூன் மாட்டினாலும் 1.3 டன் வண்டிதான். ஆக்ஸில், பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. கிட் பெட்டியில் 2,200 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால், அது அந்த ரப்பர் பை தாங்கும் எடை. முன்பெல்லாம் வண்டி உட்கார்ந்துபோவதைப் பார்த்தே ஓட்டுகிறவருக்குப் பாரம் அதிகம் என்று தெரிந்துவிடும், பலூன் மாட்டிய பிறகு அந்த எச்சரிக்கை போய்விடும், வண்டி நிமிர்ந்தே நிற்கும். அதனால் எடை மேடைச் சீட்டை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள். ஆர்.சி.யில் உள்ள எடையைத் தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதுதான் கணக்கு. வண்டி வாரண்டியில் இருந்தால் டீலரிடமும், இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் மாட்டுவதற்கு முன்னாலேயே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்

உங்கள் வண்டி மாடலுக்கென்றே வருகிற கிட்டாகப் பாருங்கள். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்பதை வாங்கினால் பிராக்கெட்டை வெட்ட வேண்டி வரும், வெல்டிங் வைக்க வேண்டி வரும். சேஸிஸில் வெல்டிங் வைப்பதும் துளை போடுவதும் வேண்டவே வேண்டாம், அந்த இடம்தான் நாளைக்கு விரிசல் விடும். நல்ல கிட்டுகள் பெரும்பாலும் ரப்பர் ஸ்டாப்பரைக் கழற்றிய துளையிலேயே மேல் பிராக்கெட்டை மாட்டுகிற மாதிரி வரும். வாங்குவதற்கு முன்னால் டேப் எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்து, சேஸிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காலியாக ஒரு தடவை, லோடோடு ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கேட்காவிட்டாலும் நீங்களே இந்த இரண்டு அளவையும் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு பலூனுக்கும் தனித்தனி டியூப், தனித்தனி வால்வு இருக்கட்டும். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் வண்டிக்கு முதலில் மாட்டியவர் ஒரு டி கனெக்டர் போட்டு இரண்டு பக்கத்தையும் ஒரே வால்வில் சேர்த்துவிட்டார், ஒரே இடத்தில் காற்று அடித்தால் போதும், சுலபம் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போகும்போது தொப்பூர் இறக்கத்தில், இரட்டைப் பாலத்துக்கு முன்னால் உள்ள வளைவில் வண்டி வழக்கத்துக்கு அதிகமாகச் சாய்ந்தது. என்ன நடக்கிறது என்றால், வளைவில் வெளிப்பக்கத்துப் பலூன் அமுங்கும், அதிலுள்ள காற்று டியூப் வழியாக உள்பக்கத்துப் பலூனுக்கு ஓடும், தாங்க வேண்டிய பக்கம் மெலிந்து, தாங்கத் தேவையில்லாத பக்கம் உப்பும். அதுவும் உயரமாக அடுக்கிய லோடு என்றால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு மெதுவாக உருட்டிக்கொண்டே இறங்கினேன், திரும்பி வந்ததும் முதல் வேலையாக டியூபைத் தனித்தனியாகப் பிரித்தேன்.

கேபினுக்குள் இருந்தே காற்று ஏற்றுகிற சின்ன கம்ப்ரஸர், ஸ்விட்ச், மீட்டர் என்றெல்லாம் கிடைக்கின்றன. நல்ல வசதிதான், ஆனால் முதல் தடவைக்கு வேண்டாம். டயர் வால்வு மாதிரியே இருக்கும் சாதா வால்வோடு தொடங்குங்கள், ஒயரிங் வேலை இல்லை, பழுதாவதற்கும் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

மாட்டும் முன்பு

பட்டைகளைக் கழுவித் துடைத்து விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சென்டர் போல்ட்டு, ஷாக்கிள், புஷ், ஷாக் அப்ஸார்பரில் ஆயில் கசிவு எல்லாவற்றையும் பாருங்கள். உடைந்த பட்டைக்குப் பலூன் மருந்தல்ல, முதலில் பட்டையை மாற்றுங்கள்.

அப்புறம் வண்டியைச் சமதளத்தில், டயர் காற்று சரியாக வைத்து, காலியாக நிறுத்தி, பின் சக்கர நடுவிலிருந்து நேர் மேலே சரக்கு ஏற்றும் தொட்டியின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள். வழக்கமான லோடு ஏற்றியபோதும் இதே அளவை எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி தாழ்கிற அளவு. பின்னால் காற்று எவ்வளவு வைப்பது என்ற கேள்விக்கு விடை இந்தச் சின்னச் சீட்டில்தான் இருக்கிறது, தொலைத்துவிடாதீர்கள்.

கைக்கு வேண்டியவை: ஜாக்கி, நல்ல கனமான இரண்டு ஸ்டாண்டு, சக்கரத்துக்கு வைக்க நான்கு கட்டை, ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்சு (போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்), புதிய பிளேடு, டேப், சோப்புத் தண்ணீர், சைக்கிளுக்கு அடிக்கிற கைப்பம்பு, காற்று பார்க்கிற கேஜ். பழகாத கைக்கு அரை நாள் ஆகும். சாயங்காலம் தொடங்க வேண்டாம், காலையில் தொடங்குங்கள்.

வண்டியைத் தூக்குவது

இதில் ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. நம் பிக்கப்புகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும், கியரில் போட்டு நிறுத்தினாலும் அது பிடிப்பது பின் சக்கரத்தைத்தான். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் இரண்டும் சேர்ந்து வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முன் சக்கரத்தில் முன்னும் பின்னும் கட்டை வைப்பது மட்டும்தான் காவல். கட்டை வைத்துவிட்டு, சேஸிஸைத் தூக்கி, சேஸிஸுக்கு அடியிலேயே இரண்டு பக்கமும் ஸ்டாண்டு கொடுங்கள், அப்போதுதான் ஆக்ஸில் கீழே இறங்கி நடுவில் வேலை செய்ய இடம் கிடைக்கும். ஆக்ஸில் தொங்கும்போது பிரேக் ரப்பர் ஹோஸ் இறுக்கமாக இழுபடுகிறதா என்று பாருங்கள், இழுபட்டால் ஆக்ஸிலுக்கு அடியில் ஜாக்கியைக் கொடுத்துக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது, ஐந்து நிமிட வேலைக்கும் கூடாது. கல்லையோ ஹாலோ பிளாக்கையோ ஸ்டாண்டுக்குப் பதிலாக வைக்கவே கூடாது, அது சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

சக்கரத்தைக் கழற்றாமலும் செய்யலாம், ஆனால் கழற்றினால் வெளிச்சமும் இடமும் கிடைக்கும். முதல் தடவைக்குக் கழற்றிவிடுங்கள்.

மாட்டுவது

ரப்பர் ஸ்டாப்பரைக் கழற்றுங்கள். துரு பிடித்திருந்தால் முந்தின நாளே போல்ட்டில் துரு இளக்கும் எண்ணெய் போட்டு வைத்திருக்க வேண்டும். கழற்றிய ஸ்டாப்பரைத் தூக்கிப் போடாதீர்கள், என்றைக்காவது பலூனை எடுக்க நேர்ந்தால் அது திரும்பப் போய்த்தான் ஆக வேண்டும்.

பலூனில் மேல் பிராக்கெட்டையும் கீழ் பிராக்கெட்டையும் வெளியிலேயே வைத்துக் கோர்த்துக்கொள்ளுங்கள். காற்று போகிற நிப்பிளைக் கையால் மரையில் ஏற்றி, கை நின்றதும் ஸ்பேனரால் இன்னும் ஒன்றரைச் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். பெரும்பாலான நிப்பிள்களில் மரையில் பூச்சு ஏற்கெனவே இருக்கும், அதன் மேல் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டியதில்லை. பலூனின் போல்ட்டுகளையும் சக்கர நட்டை முறுக்குவது மாதிரி முறுக்கக் கூடாது, மரை போய்விட்டால் முழுப் பலூனும் வீண். கிட்டோடு வருகிற தாளில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் டார்க் அளவு இருக்கும், அதை அப்படியே பின்பற்றுங்கள்.

இப்போது பலூனை அமுக்கிச் சேஸிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் நுழைத்து, எல்லாப் போல்ட்டையும் கையால் மட்டும் மாட்டுங்கள். மேல் மையமும் கீழ் மையமும் ஒரே நேர்கோட்டில் வந்த பிறகுதான் இறுக்க வேண்டும். பலூன் முறுக்கிக்கொண்டோ ஒரு பக்கம் சரிந்தோ நின்றால் சீக்கிரமே ரப்பர் கிழியும். அடுத்து, கீழ் பிராக்கெட்டை ஆக்ஸிலோடு பிடிக்கிற யூ போல்ட்டு. இங்கே நிதானமாக இருங்கள். ஆக்ஸில் ஹவுசிங் மேல் பிரேக் பைப் ஓடும், சில வண்டிகளில் ஏ.பி.எஸ். ஒயரும் ஓடும். கீழ் பிராக்கெட்டோ யூ போல்ட்டோ அந்தப் பைப்பின் மேல் உட்கார்ந்து நசுக்கினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, பல நாள் அதிர்வில் தேய்ந்து ஒருநாள் பிரேக் ஆயில் கசியும். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், பைப் சுதந்திரமாக இருக்க வேண்டும். தேவையானால் பைப்பின் கிளிப்பைக் கழற்றி, பைப்பை மெல்ல நகர்த்தி, பிராக்கெட்டுக்கு வழி விடுங்கள்.

காற்று ஏறியதும் பலூன் பக்கவாட்டில் உப்பும் என்பதையும் கணக்கில் வையுங்கள். உப்பிய பிறகு டயர், ஷாக், பிரேக் ஹோஸ் எதிலிருந்தும் குறைந்தது 12 மில்லிமீட்டராவது சுற்றிலும் இடைவெளி வேண்டும். சைலன்ஸர் பைப் ஒரு பக்கம் கிட்டத்தில் வந்தால் கிட்டில் உள்ள வெப்பத் தகட்டை அந்தப் பக்கம் கட்டாயம் மாட்டுங்கள்.

டியூப்

சின்ன வேலைதான், ஆனால் பெரும்பாலான கசிவு இங்கிருந்துதான் வரும். டியூபைப் புதிய பிளேடால் நேராக, சதுரமாக வெட்டுங்கள். கட்டிங் பிளேயரால் வெட்டினால் வாய் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும், உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் அதைச் சுற்றிப் பிடிக்காது. வெட்டிய முனையை நிப்பிளுக்குள் நிற்கும் வரை தள்ளி, பிறகு ஒரு இழு இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. கழற்ற வேண்டுமானால் நிப்பிளின் வாயில் உள்ள வளையத்தை உள்ளே அமுக்கிக்கொண்டு இழுத்தால் வந்துவிடும்.

டியூபைச் சேஸிஸின் உள்பக்கமாகக் கொண்டு போங்கள். சைலன்ஸரிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளி, கூர்மையான விளிம்பில் உரசாமல், ஆக்ஸில் ஏறி இறங்குவதற்குக் கொஞ்சம் தளர்வு விட்டு, கேபிள் டையால் கட்டுங்கள். டையை டியூப் நெரிபடும் அளவுக்கு இறுக்காதீர்கள். பிரேக் பைப்போடு சேர்த்துக் கட்டாதீர்கள். வால்வு இரண்டையும் நம்பர் பிளேட் பக்கமோ பின் பம்பரிலோ, இடது பலூனுக்கு இடது பக்கம், வலதுக்கு வலது பக்கம் என்று வையுங்கள், இருட்டில் காற்று பார்க்கும்போது குழப்பம் வராது. பம்பர் தகட்டில் துளை போடலாம், சேஸிஸில் வேண்டாம்.

காற்று

வண்டியை இறக்குவதற்கு முன்னாலேயே இரண்டு பக்கமும் 10 பவுண்டு அடித்துவிடுங்கள். காற்றே இல்லாமல் இறக்கினால் ரப்பர் மடிந்து நடுவில் கடிபடும். பி.எஸ்.ஐ. என்று கிட்டில் போட்டிருப்பதைத்தான் பஞ்சர் கடையில் பவுண்டு என்கிறோம், இரண்டும் ஒன்றுதான்.

இந்த மாதிரிக் கிட்டுகளில் பொதுவாகக் குறைந்தபட்சம் 5 பவுண்டு, அதிகபட்சம் 100 பவுண்டு. உங்கள் தாளில் வேறு இருந்தால் அதுதான் கணக்கு. காலியாக ஓடினாலும் 5க்குக் கீழே போகவே கூடாது. பஞ்சர் கடையில் இதற்குக் காற்று அடிக்கும்போது கவனமாக இருங்கள், அங்குள்ள கம்ப்ரஸர் லாரி டயருக்கு 100க்கு மேலும் அடிப்பது, பலூனோ கொள்ளளவு மிகக் குறைந்தது, கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிடும். அதனால்தான் கைப்பம்பு சொன்னேன், சில பத்து அடியில் வேலை முடிந்துவிடும், கட்டுப்பாடும் நம் கையில் இருக்கும்.

கசிவு பார்க்க 60 பவுண்டு வரை ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வருகிறதா பாருங்கள். பிறகு ஒரு ராத்திரி அப்படியே விட்டு, காலையில் ஒரே ஒரு தடவை கேஜ் வையுங்கள். இரண்டு மூன்று பவுண்டு குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம், கேஜ் வைத்து எடுக்கும்போதே அவ்வளவு காற்று வெளியே போகும், உள்ளே இருப்பதே கொஞ்சம் காற்றுதானே. இது தெரியாமல் புதியவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுக் கசிகிறது, கசிகிறது என்று எல்லா நிப்பிளையும் கழற்றிவிடுவார்கள். ஓசூர் பக்கம் விடியற்காலைக் குளிருக்கும் தர்மபுரி மத்தியான வெயிலுக்கும் நடுவில் 20 டிகிரி வித்தியாசம் இருந்தால், 50 பவுண்டில் நான்கு பவுண்டு அளவுக்கு அதுவாகவே ஏறி இறங்கும். அதுவும் கசிவு இல்லை.

லோடுக்கு எவ்வளவு வைப்பது? ஒரு கைக்கணக்கு சொல்கிறேன். பலூனின் விட்டம் 6 அங்குலம் என்றால் பரப்பு கிட்டத்தட்ட 28 சதுர அங்குலம். 10 பவுண்டு காற்றுக்கு ஒரு பலூன் 280 பவுண்டு எடையை, அதாவது ஏறக்குறைய 127 கிலோவைத் தாங்கும். இரண்டும் சேர்ந்தால் 250 கிலோவுக்குச் சற்று மேல். பலூன் அமுங்கும்போது பரப்பு மாறும் என்பதால் இது துல்லியம் இல்லை, எங்கே தொடங்கலாம் என்று காட்டும், அவ்வளவே. சரியான அளவை உங்கள் சீட்டில் எழுதிய உயரம்தான் சொல்லும். லோடு ஏற்றிவிட்டு, ஓட்டுவதற்கு முன்னால் ஐந்து ஐந்து பவுண்டாக ஏற்றி அளந்து பாருங்கள்.

பிரேக்: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். வண்டி லோடோடு இருந்தும் காலி வண்டி உயரத்துக்கே நிமிர்ந்து நிற்கும்வரை காற்றை ஏற்றிவிடுகிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பல பிக்கப்புகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ இழுத்துக் கட்டி, மேலே ஒரு வால்வில் சேர்த்திருக்கும். மெக்கானிக் எல்.எஸ்.பி.வி. என்பார். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த வால்வு லோடு எவ்வளவு என்று புரிந்துகொள்ளும். தாழ்ந்திருந்தால் பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் விடும், உயர்ந்திருந்தால் காலி வண்டி என்று நினைத்து, பின் சக்கரம் லாக் ஆகாமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். நீங்கள் பலூனால் வண்டியை முழுசாகத் தூக்கிவிட்டால், ஒன்றரை டன் சரக்கோடு இறங்கும் வண்டியைக் காலி வண்டி என்று அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும், முன் பிரேக் மொத்தச் சூட்டையும் வாங்கும். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் இது என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை, அந்த ரோட்டில் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம்.

அதனால் என் வழி இதுதான்: வண்டி தாழ்கிற அளவில் பாதியை மட்டும் தூக்குங்கள். காலியாக இருக்கும்போது இருப்பதைவிட லோடில் 10 சென்டிமீட்டர் தாழ்கிறது என்றால் 5 சென்டிமீட்டர் தூக்கினால் போதும். பள்ளத்தில் பின்பக்கம் இடிப்பது நின்றுவிடும், ஹெட்லைட்டும் கீழே இறங்கும். இதற்கு மேல் தூக்க வேண்டும் என்றால் பிரேக் தெரிந்த மெக்கானிக்கிடம் போய், பலூன் மாட்டியிருப்பதைச் சொல்லி, அந்த வால்வைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கம்பியை நீங்களாக வளைக்கவோ இழுத்துக் கட்டவோ வேண்டாம்.

மாட்டிய பிறகு

சரக்கை இறக்கியதும் திரும்புவதற்கு முன்னால் காற்றை 10 பவுண்டுக்குக் கொண்டு வாருங்கள். இதை மறந்தால் காலி வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு, மழை ரோட்டில் பின் சக்கரம் வழுக்கும்.

வாட்டர் வாஷ் விட்ட பிறகு பட்டைக்கு டீசலோ பழைய ஆயிலோ ஸ்பிரே அடிப்பது நம் ஊர் சர்வீஸ் ஸ்டேஷன் வழக்கம். பலூன் ரப்பருக்கு அது எமன். பக்கத்திலேயே நின்று, பலூன் இரண்டையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடிக்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெறும் தண்ணீரில் கழுவி, இடுக்கில் சிக்கிய சரளைக் கல்லை எடுத்தாலே போதும். டயர் மாற்றும்போது ஜாக்கியை ஆக்ஸிலுக்கு அடியில் கொடுங்கள், சேஸிஸைத் தூக்கினால் ஆக்ஸில் தொங்கி பலூன் இழுபடும்.

முதல் லோடை நேராகத் தொப்பூர்ப் பக்கமோ அஞ்செட்டி மலை ரோட்டுக்கோ கொண்டு போகாதீர்கள். பாதி லோடு ஏற்றி, கூட்டம் இல்லாத சம ரோட்டில் இருபது கிலோமீட்டர் ஓட்டி, நான்கைந்து தடவை பிரேக் பிடித்துப் பாருங்கள். திரும்பி வந்து அடியில் படுத்து, பலூனிலோ டியூபிலோ உரசிய தடம் இருக்கிறதா, போல்ட்டு தளர்ந்திருக்கிறதா என்று கைவைத்துப் பாருங்கள். 800 கிலோமீட்டர் ஓடியதும் எல்லாப் போல்ட்டையும் டார்க் ரெஞ்சு வைத்து ஒரு தடவை திரும்ப முறுக்கிவிட்டு, அன்றைய தேதியையும் கிலோமீட்டரையும் அதே உயரச் சீட்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.